ஊசி யார் கையில்?

மருத்துவத்தின் வரலாறு நமக்குப் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. பாஸ்டர் கண்டார், கொக் கண்டார், பிளெமிங் கண்டார் என்று பாடப்புத்தகங்கள் வரிசைப்படுத்துகின்றன. கண்டவர்களின் பெருமையைக் குறைத்துரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும், கண்டறியப்பட்ட மருந்து எவ்வழியாக, எத்தனை ஆண்டுகள் கழித்து, எவருடைய அனுமதியோடு, என்ன விலைக்கு நோயாளியின் உடம்பைச் சென்றடைந்தது என்னும் கேள்வி அப்புத்தகங்களில் எழுவதில்லை. அக்கேள்வியை எழுப்பும்போதுதான் மருத்துவ வரலாறு சமுதாய வரலாறாகின்றது.

இக்கட்டுரை அத்தகைய ஒரு மருந்தைப் பற்றியது. அதன் பெயர் அதிரினலின். கடும் ஒவ்வாமையினால் உயிருக்குப் போராடும் ஒருவரை மீட்பதற்கு உலகெங்கும் முதல் மருந்தாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பது இதுவே. இம்மருந்து தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதைச் செய்வது எளிது, விலையும் அற்பம். இருந்தும், ஆபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் ஓடிச்செல்லும் மனிதனின் கையில் அது இருக்கவேண்டும் என்னும் எளிய நியாயம் சட்டமாக மலர்வதற்கு, செல்வம் கொழித்த நாடுகளிலேயே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. அந்த நூற்றாண்டை அறிவியலின் குறைபாடு விழுங்கவில்லை. வேறு சில விழுங்கின. அவை எவை என்று காண்பதே நம் வேலை.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். உடம்பைக் காக்க அமைந்த பொறிமுறை, தீங்கற்ற ஒரு பொருளைப் பகையெனப் பிழையாகக் கொண்டு போர் தொடுப்பதே ஒவ்வாமை. அப்பொருள் நிலக்கடலையாக இருக்கலாம், இறாலாக இருக்கலாம், தேனீயின் கொடுக்காகவோ பென்சிலின் ஊசியாகவோ இருக்கலாம். பெரும்பாலானோர்க்கு இது அரிப்போடும் தடிப்போடும் தணிந்துவிடும். சிலர்க்கோ குருதிக் குழாய்கள் ஒருங்கே தளர்ந்து விரிய, குருதியமுக்கம் வீழ்கின்றது, தொண்டை வீங்குகின்றது, சுவாசக் குழாய்கள் சுருங்கி மூச்சு அடைபடுகின்றது. இந்நிலையையே மருத்துவர் அனபிலாக்சிஸ் என்பர். அதிரினலின் இவற்றுள் ஒவ்வொன்றையும் எதிர்த்திசையில் திருப்புகின்றது. விரிந்த குழாய்களை இறுக்குகின்றது, வீக்கத்தை வடியச் செய்கின்றது, மூச்சுவழியைத் திறக்கின்றது, இதயத்தை உந்துகின்றது. அரிப்புக்குத் தரும் ஒவ்வாமை மாத்திரைகள் அரிப்பைத் தணிக்குமேயன்றி வீழும் குருதியமுக்கத்தைத் தூக்கி நிறுத்தமாட்டா.

இந்நோயில் காலமே யாவும். ஐக்கிய இராச்சியத்தில் இவ்வாறு இறந்தோரைப் பற்றி ஆராய்ந்த பம்ஃப்ரி என்னும் மருத்துவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு நம் சிந்தனைக்குரியது. மூச்சோ இதயமோ நின்றுபோவதற்குச் சென்ற காலத்தின் இடையம், உணவினால் வந்த தாக்கத்தில் 30 நிமிடம். பூச்சிக் கொட்டில் 15 நிமிடம். மருத்துவர் ஏற்றிய மருந்தினாலேயே வந்த தாக்கத்தில் 5 நிமிடம். வைத்தியசாலை எத்துணைச் சிறந்ததாயினும், அது அரைமணி நேரத்துக்கு அப்பால் இருக்குமாயின், உயிரைக் காப்பது அங்குள்ள நிபுணரின் கையில் இல்லை. முதலில் வந்து சேர்பவரின் கையிலேயே இருக்கின்றது.

1

அனபிலாக்சிஸ் என்னும் சொல் பிறந்த கதை சுவையானது. 1901ஆம் ஆண்டுக் கோடையில் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் பிரெஞ்சு உடலியல் அறிஞர்களான சார்ள்ஸ் ரிஷே, போல் போர்த்தியே ஆகிய இருவரும் பயணஞ் செய்தனர். 'போர்த்துக்கேயப் போர்க்கப்பல்' என மாலுமிகள் பெயரிட்டிருந்த, கொட்டும் இழைகளையுடைய மிதக்கும் கடலுயிர் ஒன்றின் நஞ்சை அவர்கள் ஆராய்ந்தனர். நாடு திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சைக்கொண்டு ஆய்வு தொடர்ந்தது. சிறிதளவு நஞ்சை முன்கூட்டி ஏற்றினால் நாய்கள் பின்னர் அந்நஞ்சைத் தாங்கும் வலிமை பெறும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. முதல் ஊசியை எளிதாகத் தாங்கிய நெப்டியூன் என்னும் திடகாத்திரமான நாய், சில வாரங்கள் கழித்து, 1902 பெப்ரவரியில், இரண்டாவது சிற்றளவு ஏற்றப்பட்டதும் அரைமணி நேரத்துக்குள் மாண்டது. காப்பு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக அனபிலாக்சிஸ் என்ற பெயரை ரிஷே ஆக்கினார். 1913இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

ஆனால் பெயர் வருமுன்பே நோய் வந்துவிட்டிருந்தது. தொண்டைக்கரப்பானுக்கு எதிராகக் குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பட்ட சீரம் 1890களில் ஐரோப்பாவெங்கும் குழந்தைகளைக் காத்துவந்தது. 1896இல் பெர்லின் நகர நோயியல் அறிஞர் றொபேட் லாங்கர்ஹான்ஸின் இளமகன், நோய் தொற்றாமலிருக்கும் பொருட்டு அச்சீரம் ஏற்றப்பட்ட சில நிமிடங்களில் உயிர் துறந்தான். காக்க வந்த மருந்தே கொல்லவும் கூடும் என்னும் இச்செய்தி அக்கால மருத்துவ உலகை உலுக்கியது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோமாக. நம் நாட்டைப் பற்றிப் பேசுமிடத்து இது மீண்டும் நமக்கு வேண்டியிருக்கும்.

2

நோய்க்குப் பெயர் சூட்டப்பட்ட அதே ஆண்டுகளிலேயே அதன் மாற்றும் ஆய்வுகூடங்களில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று அறியாது இரண்டும் அருகருகே வளர்ந்தன.

ஹரோகேட் நகரில் தொழில் புரிந்த ஜோர்ஜ் ஒலிவர் என்னும் மருத்துவரும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் எட்வேட் ஷேஃபரும், சிறுநீரகத்தின் மேலமைந்த சுரப்பியின் சாறு குருதியமுக்கத்தைச் சடுதியாக உயர்த்துவதை 1894, 1895ஆம் ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர். அச்சாற்றிலுள்ள பொருளைத் தனியாக்குவதற்கு அமெரிக்காவில் ஜோன் ஏபெல் பெரிதும் முயன்றார். முழுமையாக வெற்றிகண்டவர்கள் நியூயோர்க்கில் பணியாற்றிய ஜப்பானியரான ஜோகிச்சி தகமினேயும் அவருடைய துணையாளர் கெய்சோ உவெனகாவுமாவர். 1900ஆம் ஆண்டில், வெட்டப்பட்ட மாடுகளின் சுரப்பிகளிலிருந்து அவர்கள் அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். பல்லாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு மனிதனின் உடம்பும், ஒவ்வொரு மாட்டின் உடம்பும் தானே சுரந்துவந்த பொருள் அது.

அப்பொருளுக்கு இனி உடைமையாளர் தோன்றினார். தகமினே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1903இல் அது வழங்கப்பட்டது. பார்க் டேவிஸ் நிறுவனம் 'அதிரினலின்' என்ற வணிகப்பெயரில் அதைச் சந்தையில் விற்றது. போட்டி நிறுவனமான மல்ஃபோர்ட் தானும் விற்க முற்பட்டபோது வழக்கு எழுந்தது. இயற்கையில் உள்ள பொருளாயினும், தூய்மைப்படுத்தப்பட்ட வடிவில் அது ஆக்கவுரிமைக்கு உரியதே என்று 1911இல் நீதிபதி லேர்ன்ட் ஹான்ட் தீர்ப்பளித்தார். மருந்துக் கம்பெனிகளின் பிற்கால வரலாற்றில் இத்தீர்ப்பு எத்துணை எடுத்தாளப்பட்டது என்பதை அத்துறையார் அறிவர். அப்பெயர் ஒரு கம்பெனியின் உடைமையானமையாலேயே அமெரிக்க மருத்துவர் இன்றளவும் இம்மருந்தை 'எபிநெஃப்ரின்' என்கின்றனர்; பிரித்தானியர் அதிரினலின் என்கின்றனர். ஒரே மருந்துக்கு இரு பெயர்கள் வழங்குவதன் பின்னால் நிற்பது மொழியியல் அன்று, வணிகம்.

இருப்பினும் அறிவியலை எந்தப் பத்திரமும் நெடுங்காலம் கட்டிவைக்க இயலாது. 1904இல் ஜேர்மனியில் ஃபிரீட்ரிக் ஸ்டோல்ஸ் இதனை இரசாயன முறையில் ஆக்கிக்காட்டினார். 1903இலேயே ஆஸ்துமா என்னும் தொய்வு நோயாளருக்கு இதன் ஊசி நியூயோர்க்கில் ஏற்றப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மருந்து ஆயத்தமாகிவிட்டது. இனி வேண்டியிருந்தது அதனை ஏந்தும் கை மட்டுமே.

3

அக்கை மருத்துவரின் கையாக மட்டுமே இருக்கலாம் என்று நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தது. இவ்விதியை வெறும் தொழிற்குழுவின் ஆணவம் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. தசையில் ஏற்றினால் உயிர்காக்கும் அளவு, நேரே நாளத்திற் பாய்ச்சப்படின் இதயத்தைக் குலைத்துவிடும். ஆயிரத்திலொன்று, பத்தாயிரத்திலொன்று என இருவகைச் செறிவுகளில் வந்த குப்பிகள் குழப்பப்பட்டதால் தீங்குகள் நேர்ந்துள்ளன. 2016இல் அமெரிக்க அதிகாரிகள் அவ்விகிதக் குறியீட்டையே சிட்டைகளிலிருந்து நீக்கச் செய்தனர். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அச்சத்துக்கு மருந்து பயிற்சியா, தடையா என்பதே கேள்வி. தடையே எளிது, ஏனெனில் தடைக்குச் செலவில்லை. அதன் செலவை நோயாளியே செலுத்துகின்றான்.

மேலும், முதலில் வருபவர் எவர் என்பதையே அச்சமுதாயங்கள் நெடுநாள் எண்ணிப் பார்க்கவில்லை. 1960களில்கூட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல நகரங்களில் அம்புலன்ஸ் சேவையை நடத்தியவர்கள் பிரேத ஊர்தி வைத்திருந்த ஈமக்கிரியைக் கம்பெனிக்காரர்களே. நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்ல வசதியான நீண்ட வண்டி அவர்களிடந்தான் இருந்தது. வண்டியில் மருந்தும் இல்லை, மருந்தறிந்தவரும் இல்லை. 1966இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞானக் கழகம் வெளியிட்ட அறிக்கை இந்த அவலத்தை வெளிப்படுத்தியது.

அவ்வவலத்தை மாற்றும் முயற்சி எங்கிருந்து தொடங்கிற்று என்பது கவனத்துக்குரியது. பிற்ஸ்பேர்க் நகரின் ஹில் மாவட்டம் கறுப்பின உழைப்பாளர் செறிந்து வாழ்ந்த பகுதி. அங்கு நோயுற்றவரை ஏற்றிச்செல்ல வந்தது பொலிஸ் வண்டி. 1967இல் அப்பகுதியில் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அம்புலன்ஸ் சேவை எழுந்தது. வேலைக்குத் தகுதியற்றோர் எனச் சமுதாயம் ஒதுக்கியிருந்த கறுப்பின இளைஞர்கள் அதற்குத் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுட் சிலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். அவர்களுக்குப் பல மாதப் பயிற்சி வகுத்தவர், செயற்கைச் சுவாச முறையின் முன்னோடியான மருத்துவர் பீற்றர் சஃபார். 1966இல் தம் சிறுமகளைத் தொய்வு நோய்க்குப் பறிகொடுத்த தந்தை அவர். மூச்சுக் குழாயில் குழல் செலுத்துதல், நாளத்தில் மருந்தேற்றுதல் முதலிய, அதுவரை மருத்துவர்க்கேயுரியன எனக் கருதப்பட்ட செயல்களை அவ்விளைஞர்கள் தெருவோரத்திற் செய்து காட்டினர். பின்னர் அவர்களை வழிநடத்திய மருத்துவர் நான்சி கரோலைன் எழுதிய பாடநூல் அத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாயிற்று.

முடிவு யாது? 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடிற்று. வழிகாட்டியவர்களுட் பெரும்பாலோர் புதிய சேவையில் நிலைக்க இயலாமல் வெளித்தள்ளப்பட்டனர். ஆனால் அவர்கள் நிறுவிய உண்மையை மூட முடியவில்லை. முறையான பயிற்சி கிடைக்குமாயின், பட்டம் பெறாத கையும் உயிரைக் காக்கும் என்பதே அவ்வுண்மை.

4

ஆயினும் ஏணியில் இன்னும் பல படிகள் இருந்தன. மருத்துவருக்கு அடுத்ததாக உயர்பயிற்சி பெற்ற பரமெடிக்குகள் மருந்தேற்றும் உரிமை பெற்றனர். அவர்களுக்கும் கீழே, குறுகிய பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர்கள் இருந்தனர். அமெரிக்காவில் பல இடங்களில் இவர்கள் தீயணைப்புப் படையினரே. அழைத்தவுடன் முதலில் வந்துசேர்பவரும் இவர்களே. முதலில் வருபவனிடம் மருந்தில்லை. மருந்துள்ளவன் பிந்தி வருகின்றான். பதினைந்து நிமிடக் கணக்குள்ள நோய்க்கு இவ்வேற்பாடு எத்துணைப் பொருந்தும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இச்சிக்கலை ஒரு கருவி அவிழ்த்தது. அக்கருவி பிறந்த இடம் போர்க்களம். நரம்பை முடக்கும் நச்சுவாயுத் தாக்குதலுக்கு உள்ளாகும் படைவீரன், மருத்துவரை எதிர்பாராது, தன் தொடையிற் தானே மாற்றுமருந்தைக் குத்திக்கொள்ளும் பொருட்டு, உள்ளே சுருள்வில் பொருத்திய ஊசி அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. அதனை ஆக்கிய நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் ஷெல்டன் கப்லன். அதே அமைப்பில் அதிரினலினை நிரப்பி ஆக்கப்பட்ட எபிபென் என்னும் ஊசி 1987இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. தொடையின் வெளிப்புறத்தில் அழுத்தினாற் போதும். அளவும் முன்பே நிரம்பியிருக்கும். கையின் தோலுக்கடியிற் போடுவதைவிடத் தொடைத்தசையில் ஏற்றும் மருந்து விரைவாகவும் மிகுதியாகவும் குருதியிற் சேர்கின்றது என்பதைக் கனடாவின் வினிப்பெக் நகரில் எஸ்டெல் சைமன்ஸ் என்னும் மருத்துவர் 1998, 2001ஆம் ஆண்டு ஆய்வுகளால் நிறுவினார்.

1999இல் வாஷிங்டன் மாநிலம், அம்புலன்ஸ் சேவைகள் யாவும் அவசர மருத்துவ உதவியாளரின் கைக்கெட்டுமாறு இம்மருந்தை வைத்திருக்கவேண்டும் எனச் சட்டஞ் செய்தது. கப்பலில் ரிஷே ஆய்வு தொடங்கி 98 ஆண்டுகள் சென்றிருந்தன. பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டு மருந்து ஒழுங்குவிதிகள், உயிர்காக்கும் பொருட்டு எவரும் இன்னொருவருக்கு ஏற்றத்தக்க மருந்துகளின் பட்டியலில் அதிரினலினையும் வைத்துள்ளன. 2013இல் அமெரிக்கா பாடசாலைகளில் இம்மருந்தை வைத்திருப்பதை ஊக்குவிக்கச் சட்டம் இயற்றியது. 2017இல் பிரித்தானியா பாடசாலைகள் வைத்தியரின் சீட்டின்றியே இதனை வாங்க வழிவகுத்தது. கை விடுவிக்கப்பட்டது.

கை விடுவிக்கப்பட்டதும் விலை வந்து அதனைக் கட்டிற்று. 2007இல் எபிபென்னின் விற்பனையுரிமை மைலான் என்ற கம்பெனியின் கைக்கு வந்தது. அப்போது இரு ஊசிகள் கொண்ட பெட்டியின் விலை ஏறக்குறைய 100 டொலர். 2016இல் அது 600 டொலருக்கு மேலாயிற்று. உள்ளேயிருந்த மருந்தோ ஏறக்குறைய ஒரு டொலர் பெறுமதியானது. மருந்து மாறவில்லை; நோய் மாறவில்லை; சட்டங்கள் மட்டும் மாறி, வாங்கியே தீரவேண்டியவர்களின் தொகையைப் பெருக்கியிருந்தன. மக்களைக் காக்க இயற்றிய சட்டம், உடைமையாளருக்குச் சந்தையாகவும் பயன்பட்டது. தாய்மாரின் கொதிப்பு நாடெங்கும் எழுந்தது. 2016 செப்ரெம்பரில் கம்பெனியின் தலைவர் காங்கிரஸின் குழுமுன் விடையிறுக்க வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கான அரச மருத்துவத் திட்டத்துக்கு இம்மருந்தைப் பிழையாக வகைப்படுத்திக் கூடிய பணம் பெற்றது என்னும் குற்றச்சாட்டு, 2017இல் 465 மில்லியன் டொலர் இணக்கத் தொகையோடு முடிவுற்றது.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது அடுத்து வருவதே. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி, சியாட்டில் நகரை உள்ளடக்கிய பகுதி. அங்குள்ள ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் இவ்வூசிகள் வைக்கப்பட வேண்டும். காலங் கடந்தவை எறியப்பட்டுப் புதியவை வாங்கப்பட வேண்டும். ஏறும் விலையைப் பொதுப்பணம் தாங்க முடியாத நிலை நெருங்கியது. அப்போது அவ்விடத்து மருத்துவர்களும் தீயணைப்புப் படையினரும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டனர்: நமக்கு வேண்டியது மருந்தா, சுருள்வில்லா? அவர்கள் ஒரு சிறு பொதியைத் தாமே ஆக்கினர். அதனுள் அதிரினலின் குப்பி ஒன்று, ஊசிக்குழாய்கள், ஊசிகள், செய்முறை அட்டை. 'சரிபார், ஏற்று' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். நோய்க்குறிகளைச் சரிபார்த்து, அளவைச் சரிபார்த்து, தொடையில் ஏற்றுவதற்கு அவசர உதவியாளர்களுக்குப் பயிற்சி அளித்தனர். 2014 முதல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018இல் அதன் அனுபவம் மருத்துவ ஏட்டில் வெளியிடப்பட்டது. நியூயோர்க் மாநிலமும் அவ்வழியிற் சென்றது. ஊசிக்குழாயை எடுத்து மருந்தை அளந்தேற்றும் வேலையைத் தீயணைப்புப் படைவீரனும் செவ்வனே செய்வான் என்பது புலனாயிற்று. ஃப்ரீடம் ஹவுஸ் இளைஞர்கள் நாற்பதாண்டுகளுக்கு முன் நிறுவியதும் இதனையே அல்லவா?

கருவி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பயிற்சியற்ற தாய்க்கும், பத்து வயதுச் சிறுவனுக்கும், பதறும் ஆசிரியனுக்கும் தானே குத்தும் ஊசி பேருதவியே. ஆனால் கம்பெனி விற்றது மருந்தை அன்று. அறியாமைக்கு ஈடுசெய்யும் சுருள்வில்லையே. எங்கே மனிதருக்குப் பயிற்சி தரப்படுகின்றதோ அங்கே சுருள்வில்லின் விலை வீழ்கின்றது. சுருள்வில்லுக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் உண்டு. பயிற்சிக்கு எவரும் பத்திரம் எழுதிக்கொள்ள முடியாது. ஒருவர் பெற்ற பயிற்சி மற்றவருக்குக் கொடுக்கப்படும்போது குறைவதுமில்லை.

5

இனி நம் நாட்டுக்கு வருவோம். தானே குத்தும் ஊசி உலக நாடுகளில் ஏறக்குறைய மூன்றிலொன்றில் மட்டுமே கிடைக்கின்றது என்று உலக ஒவ்வாமை அமைப்பின் அறிஞர் கணித்துள்ளனர். எஞ்சிய உலகத்துக்குக் கிங் கவுண்டியின் வழி சிக்கன வழியன்று, ஒரே வழி.

இலங்கை இத்துறையில் கைகட்டி நின்றுவிடவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். பாம்புக்கடிக்கு நாம் பயன்படுத்தும் விஷ எதிர்மருந்து, குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டு இந்தியாவிலிருந்து வருவது. லாங்கர்ஹான்ஸின் மகனுக்கு நேர்ந்த ஆபத்து நம் வயல்களிற் கடியுண்ட விவசாயிக்கும் நேர்கின்றது. எதிர்மருந்தை ஏற்றுமுன் சிறிதளவு அதிரினலினைத் தோலுக்கடியில் ஏற்றினால் அவ்வாபத்துக் குறையுமா என்று நம் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 105 நோயாளரைக்கொண்டு நிகழ்ந்த முதலாய்வு 1999இல் வெளிவந்தது. தாக்கத்துக்கு உள்ளானோர் அதிரினலின் பெற்றோருள் நூற்றுக்கு 11, பெறாதோருள் நூற்றுக்கு 43. 1007 நோயாளரைக்கொண்ட பேராய்வு 2011இல் வெளிவந்தது. அதில் நூற்றுக்கு 75 பேர் ஏதோவொரு தாக்கத்துக்கு உள்ளாயினர்; அதிரினலின், கடுந்தாக்கங்களை முதல் மணித்தியாலத்தில் நூற்றுக்கு 43 அளவாற் குறைத்தது. கூடவே சோதிக்கப்பட்ட ஏனைய இரு மருந்துகள் அப்பயனைத் தரவில்லை. உலகின் மருத்துவ ஏடுகள் ஏற்றுக்கொண்ட இவ்வறிவு, நம் கிராமிய வைத்தியசாலைகளின் நோயாளர் கட்டில்களருகே திரட்டப்பட்டது.

மருந்தை வணிகப்பெயரிலிருந்து பிரித்துக் காணும் பார்வையும் நமக்குப் புதிதன்று. பேராசிரியர் சேனக பிபிலே வணிகப்பெயரை விலக்கி, மருந்தின் உண்மைப் பெயரால் அதனை வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடினார்; 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது அவர் முயற்சியால். உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலில் அதிரினலினும் உண்டு. அவ்வாண்டிலேயே பிபிலே மறைந்தார்.

2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, 2018இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்டு வடக்கிற்கும், பின்னர் தீவு முழுவதற்கும் விரிந்தது. கட்டணமின்றி, பயிற்சி பெற்ற உதவியாளரோடு வண்டி வருவது நம் மக்கள் வாழ்வில் பெரும் மாற்றமே.

ஆயினும் வண்டி செல்லும் பாதை எல்லா இடத்தும் ஒன்றல்ல. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர் என்னும் செய்தி பத்திரிகைகளில் அடிக்கடி காணப்படுகின்றது. சிலவேளை அது மரணச் செய்தியாகவும் வருகின்றது. குளவி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மலைத்தேனீயும் அடங்கும். நூற்றுக்கணக்கான கொடுக்குகள் ஒருங்கே பாயும்போது விஷத்தின் அளவே கொல்லக்கூடும். அதற்கு அதிரினலின் மட்டும் போதாது, விரைந்த வைத்தியசாலைச் சிகிச்சை வேண்டும். ஆனால் ஒவ்வாமை உள்ளவளை ஒரு கொட்டே வீழ்த்திவிடும். அவளுக்கு உரிய காலம் அந்தப் பதினைந்து நிமிடங்களே. செங்குத்தான மலையிலிருந்து பாதைக்குத் தூக்கிவரவே அந்நேரம் போதாது. அங்கே முதலில் வந்து சேர்பவர் எவர்? பக்கத்து நிரையிற் கொழுந்து பறித்தவள், கங்காணி, தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர். சமவெளி நகரத்துக்காரன் தொலைபேசியில் அழைத்துப் பெறும் உதவியை மலைமேல் நிற்பவள் அதே நிமிடக் கணக்கிற் பெறமுடியாது என்பது புவியியலின் குற்றம் மட்டுமன்று. அவள் பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு நேரத்தோடு கொண்டுசேர்க்க வழி கண்ட சமுதாயம், அவளிடம் மருந்தைக் கொண்டுசேர்க்கவும் வழி காண வல்லதே.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமல்ல. தோட்டத்து டிஸ்பென்சரி ஒவ்வொன்றிலும் காலங் கடவாத அதிரினலின் குப்பியும் ஊசிக்குழாயும் செய்முறை அட்டையும் இருத்தல் வேண்டும். அதனை ஏற்றப் பயிற்சியும் சட்ட அனுமதியும் பெற்றவர் வேலைநேரம் முழுவதும் அருகில் இருத்தல் வேண்டும். நோய்க்குறியை இனங்காணவும், வீழ்ந்தவளை நிமிர்த்தி நடத்தாது கால்களை உயர்த்திப் படுக்கவைக்கவும், மூச்சுமுட்டினால் உட்கார வைக்கவும் கொழுந்தெடுப்போர் அனைவரும் கற்றல் வேண்டும். பாடசாலைகளில் முதலுதவி, பரீட்சைக்குரிய மனனப் பாடமாக நில்லாது, கைப்பழக்கமாதல் வேண்டும். இவற்றுக்கு வேண்டிய மருந்து மலிவானது. வேண்டிய அறிவு நம் நாட்டிலேயே உண்டு. இல்லாதது, முதலில் வரும் மனிதனை நம்பும் துணிவே.

ஏணியின் ஒவ்வொரு படியிலும், இவர்களால் இயலாது என்று சொல்லப்பட்டவர்கள் இயலும் என்று காட்டியதே இம்மருந்தின் வரலாறு. ஹில் மாவட்டத்து இளைஞர் காட்டினர். கிங் கவுண்டித் தீயணைப்புப் படையினர் காட்டினர். கொழுந்துக் கூடை சுமக்கும் கைக்கும் அத்தகுதி உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள, நாம் இன்னொரு நூற்றாண்டு காத்திருத்தலாகாது.